அப்பாவின் கம்பெனி ஷூ

கும்மிடிப்பூண்டியில் ரயில் கிளம்பியதும், என் எதிரே இருந்த கல்லூரிப் பெண் தோழியிடம் சொன்னாள்: "எங்கப்பாவோட கம்பெனி ஷூவைத் திருடிட்டேன்டி."

"இன்னாத்துக்கு?"

"நாள் முழுக்க மெஷினாண்ட நின்னுகினு வேலை. குதிகால் வலியில ஊட்டுக்கு நொண்டிகினு வருவாரு. காலேஜ்ல தொழில் தொடங்குறவங்களுக்கு ஒரு ரூம் குடுத்துகீறாங்கல்ல? அங்க ஷூவுக்குள்ள வைக்கிற மெத்தை செஞ்சேன். அளவு பாக்க அவரு ஷூ வேணும். கேட்டா தரமாட்டாரு."

"திட்டுனாரா?"

"'படிக்க அனுப்புனா ஷூவ நோண்டிகினு கீறியா'ன்னு கத்துனாரு. ஆனா மெத்தையோட போட்டுக்கினு போனாரு."

"அப்புறம்?"

"நேத்து வந்து ஒரு சீட்டு குடுத்தாரு. கூட வேலை பாக்குற ஆறு பேரோட ஷூ சைஸு. கீழ, 'மொதலாளியம்மா, சீக்கிரம் ஆவட்டும்'னு எழுதிகீறாருடி."