முழங்காலுக்குப் பேசி முடித்த வெள்ளம்

ஈரச் சுவரில் பெயின்ட் நிற்காது. அது தெரியாமல் வாங்கிவிட்டேன். அதனால்தான் நாம் இருவரும் இந்த மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறோம். கடைக்காரன் உயர்ந்த ரகம் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான். பரம்பரை வியாபாரி ஒருவனையே ஏமாற்றியிருக்கிறான் என்றால் அவனை ஒரு வார்த்தை பாராட்டத்தான் வேண்டும்.

விஷயத்துக்கு வா என்கிறீர்கள். வருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் வழியில் என் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனால்தான் உங்களுக்குப் புரியும்.

அப்பாவுக்குத் துணிக்கடை. துணியை விரித்துப் போட்டதும், வாங்க வந்த அம்மாவின் விரல் அங்கே போவதற்குள் இவரே ஓரத்தைத் தூக்கிக் காட்டுவார். "பாருங்கம்மா, இங்க ஒரு நூல் இழுத்திருக்கு. தெரிஞ்சு வாங்குங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது." அந்த அம்மா உருகிப்போவார். அதற்குமேல் உள்மடிப்பை யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். உள்மடிப்பில் இருந்த ஓட்டை பத்திரமாக அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். அப்பா பொய்யே சொன்னதில்லை. நூல் இழுத்திருந்தது உண்மைதானே?

இனி வெள்ளம். முதல் வெள்ளத்தைச் சொல்கிறேன். எங்கள் ஏரிக்கரை விடுதிகள் எல்லாம் குளித்தன. காலால் மிதித்து ஓட்டும் அன்னப் படகு ஒன்று ரொட்டிக்கடையின் கூரையில் ஏறி உட்கார்ந்து, ஏதோ வாங்க வந்தது மாதிரி கீழே எட்டிப் பார்த்தது. வங்கி மேலாளரின் சோபா டென்னிஸ் வலையில் மாட்டிக்கொண்டது. மெத்தைகளைச் சாலையில் வரிசையாகக் கிடத்திக் காயப்போட்டோம். ஊரே பகலில் படுத்துவிட்டது மாதிரி இருந்தது. மேஜை இழுப்பறைகள் ஊறிப்போய்த் திறக்கமாட்டேன் என்றன. என் விடுதி அலுவலகம் மேட்டில் இருந்ததால் தப்பித்தது. சரிவில் இருந்த கீழ்க்கட்டடம் மட்டும் வசமாக மாட்டியது. அங்கே தண்ணீர் கதவு நிலைக்கும் மேலே போய், சேற்றால் ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கியது.

சேற்றை வாரினோம், கழுவினோம், சுவர் காய்வதற்குள் அந்த உயர்ந்த ரகப் பெயின்டை அடித்துச் சேற்றுக்கோட்டை மறைத்தோம். மற்ற விடுதிக்காரர்கள் சுவரைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, "வெள்ளமா? எங்க?" என்று முழித்தார்கள். வந்த விருந்தாளிகள் ஒருவரும் நம்பவில்லை. ஊரே செய்தியில் மிதந்திருக்கிறதே. அப்போதுதான் எனக்கு அப்பாவின் இழுத்த நூல் ஞாபகம் வந்தது.

பெயின்டரைக் கூப்பிட்டு, கீழ்க்கட்டடத்து வாசல் சுவரில் முழங்கால் உயரத்தில் நீலக் கோடு ஒன்று போட்டு, 'வெள்ளம் வந்த அளவு' என்று அழகாக எழுதச் சொன்னேன்.

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். "சார், அன்னைக்கு என் தலைக்கு மேல இருந்துச்சே."

"நீ குள்ளம்ப்பா."

"நிலைக்கு மேல சார்! நான் என்ன, தாழ்ப்பாள் உயரமா?"

"எழுதுப்பா. சாயங்காலம் கூலி வேணுமா வேணாமா?"

எழுதினான். தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு விலை சொன்னது. நான் முழங்காலுக்குப் பேசி முடித்தேன், அவ்வளவுதான். விருந்தாளிகளுக்குக் கோடு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். "இவ்ளோதானா? பரவால்லையே, நேர்மையான ஆளு" என்றார்கள். பக்கத்து விடுதிகள் ஈ ஓட்டின. என் அறைகள் நிரம்பின.

லாண்டரிக்காரப் பெண்ணும் அந்தக் கோட்டைப் பார்த்துதான் வந்தாள். வெளியூர்க்காரி. விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் தொழில். மெஷின்களோடும் புருஷனோடும் வந்து கீழ்க்கட்டடத்தின் பின்னறையைக் கேட்டாள். புருஷன் பஸ் டிரைவராக இருந்தவர். விபத்தில் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. வாய் மட்டும் ஹாரன் மாதிரி முழுசாக இருந்தது.

"அண்ணே, இவரை வச்சுக்கிட்டுப் பயமா இருக்கு. மேட்டுல ஒரு ரூம் கிடைக்காதா?" என்றாள்.

மேட்டு அறைகளில் ஏரி தெரியும். ஏரி தெரியும் அறையை லாண்டரிக்கு யார் கொடுப்பார்கள்? கோட்டைக் காட்டினேன். "இதுக்கு மேல வந்ததே இல்லம்மா."

டிரைவர் கோட்டைப் பார்த்தார், தன் மடியைப் பார்த்தார். "முழங்கால் வரைக்கும்தானா முதலாளி? அப்ப எனக்குக் கவலையே இல்ல. அதுக்குக் கீழ நனையிறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

மூவரும் சிரித்தோம். நல்ல மனிதர். சாயங்காலங்களில் அவரோடு சீட்டாடுவேன். என்னிடமே பேரம் பேசி வாடகையைக் குறைத்தவர் அவர் ஒருவர்தான்.

அவள் மட்டும் சும்மா இருக்கவில்லை. கோட்டுக்கு மேலே ஒரு சாண் வருகிற மாதிரி மேடை கட்டி, மெஷின்களையும் அவர் கட்டிலையும் அதில் ஏற்றினாள். அந்த மேடைக்குச் செங்கல் நான் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

இரண்டாவது வெள்ளம் வரும் என்று தெரியுமா என்கிறீர்கள். எப்போது வரும் என்று தெரியாது. வரும் என்று தெரியும். இல்லாவிட்டால் நன்றாக ஓடுகிற விடுதியை எதற்கு விற்கக் கிளம்புகிறேன்?

வாங்க வந்தவர் பெரிய கை. இரண்டாவது வெள்ளம் வந்த அன்று மதியம் மேட்டு அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தார். மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. சீசன் இல்லாததால் விருந்தாளிகள் இல்லை. வேலைக்காரர்கள் சமையலறையில் கதையளந்துகொண்டிருந்தார்கள். கீழ்ச்சாலையில் ஒரு வண்டி ஒலிபெருக்கியில் ஏதோ சொல்லிக்கொண்டே போனது. "படகுக்காரங்களுக்குச் சொல்றாங்க" என்றேன். திரையை இழுத்துவிட்டேன். சாரல் அடித்தது.

போன் வந்தது. லாண்டரிக்காரப் பெண். அக்கரை விடுதிக்கு விரிப்புகளைக் கொடுக்கப் போனவள் பாலத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே, மேல அணையத் திறந்துட்டாங்களாம். இங்க வண்டி நகரவே மாட்டேங்குது. அவர் தனியா இருக்கார். நம்ம ஆளுங்களை விட்டு அவரை மேட்டுக்குத் தூக்கச் சொல்லுங்கண்ணே."

வாங்க வந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் காலையில்தான் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஓர் ஆளை இப்போது தூக்கிக்கொண்டு ஓடினால், அது நான்கு பேர் சேர்ந்து அந்தக் கோட்டை அழித்த மாதிரி. கணக்கு எனக்குச் சட்டென்று வந்துவிடும், ஐயா. அது பிறவிக் குணம்.

"கோட்டைத் தாண்டாதும்மா. மேடை இருக்குல்ல? பதறாம வா" என்றேன். அவள் நிம்மதியாகத்தான் போனை வைத்தாள். "சரிண்ணே, நீங்க சொன்னா சரி" என்றாள்.

இதோடு முடிந்தது என்றுதான் முதலில் சொன்னேன். கோடு தப்பு, ஒப்புக்கொள்கிறேன். போனில் சொன்னதும் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். வாங்க வந்தவரை நேற்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. சரி. உள்மடிப்பையும் பிரித்துவிடுவோம்.

சத்தம் கேட்டது. தகரத்தில் இரும்பால் அடிக்கிற மாதிரி. டிரைவர் மெஷின் மூடியில் அடித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு அப்போதே தெரியும். சீட்டில் ஜெயித்தால் மேஜையை அப்படித்தான் தட்டுவார்: இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு.

"என்ன சத்தம் அது?" என்றார் வாங்க வந்தவர்.

"வாஷிங் மெஷின் சார். கொஞ்சம் பழசு. மறைக்கமாட்டேன், நீங்க வந்ததும் அதை மாத்தணும்."

அவர் முகம் மலர்ந்தது. "இவ்ளோ வெளிப்படையாப் பேசுற ஆளை நான் பார்த்ததே இல்லைங்க. அதுக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார். நான் முடியாது என்றேன். அவர் எழுந்தார், நான் உட்காரவைத்தேன். நல்ல பேரம். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. கை குலுக்கினோம். மேட்டுச் சாலை வழியாக அவரை அனுப்பிவைத்தேன், அந்தப் பக்கம் காட்சி அழகாக இருக்கும் என்று.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. அந்த உயர்ந்த ரகப் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து தொங்கியது. நீலக் கோடு போய், நிலைக்கு மேலே பழைய சேற்றுக்கோடு துல்லியமாக நின்றது. லாண்டரிக்காரப் பெண் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையை உயர்த்திக் கோட்டைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை.

நீங்கள் கொலை என்கிறீர்கள். நான் கவனக்குறைவு என்றேன். பேரத்தில் யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆகவேண்டும், நான் இறங்கிவிடுகிறேன். கொலை என்றே போட்டுக்கொள்ளுங்கள். அவர் உயிரோடு இருப்பதும், கூப்பிடுவதும் தெரிந்தேதான் மெஷின் என்று சொன்னேன்.

நீங்கள் எழுதியதை முழுதாகப் படித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது, ஐயா. அந்தச் செங்கலுக்கு நான் காசு வாங்கவில்லை.