ஸ்டைனாரின் பித்தளை வில்லை

அன்று காலை நாற்பது ஜோடி ரப்பர் பூட்ஸைக் கடலில் கொட்டியது நான்தான். காவல் நிலையத்தில் அதிகாரி பெர்க்தோராவிடமும் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். ஒப்புக்கொள்வது என்று முடிவானபின் சின்னதில் தொடங்கினால் நாக்கு பழகிவிடும். அவள் பேனா மூடியைக் கழற்றியபடி, "பூட்ஸ் கதை ஊருக்கே தெரியும் உல்ஃபார், மேல சொல்லுங்க" என்றாள்.

பூட்ஸைத் தாண்டி மேலே போக முடியாது. எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

வடக்குத் தீவுகளைச் சுற்றும் சின்ன உல்லாசக் கப்பல் ஒன்றில் நான் இருபத்திரண்டு வருடம் வழிகாட்டி. எண்பது பயணிகள், எட்டு நாள், ஆளில்லாத எரிமலைத் தீவுகள். இறங்குதுறை எங்கும் கிடையாது. ரப்பர் படகில் போய் முழங்கால் தண்ணீரில் குதிக்க வேண்டும். அதற்குத்தான் பூட்ஸ். ஸ்வார்த்தேய் தீவுக்கு முன்னால், வலையில் கட்டிய பூட்ஸ் மூட்டையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டே பயணிகளுக்கு ஒரு நகைச்சுவை சொன்னேன். எனக்குக் கை ஆட்டாமல் கதை சொல்ல வராது. ஆட்டினேன். கயிறு போயிற்று.

எண்பது பூட்ஸும் வாத்துக் கூட்டம்போல் அலையில் வரிசை கட்டிப் புறப்பட்டன. மேல்தட்டிலிருந்து கேப்டன், "யோவ் உல்ஃபார், அடுத்த தடவை உள்ள காலையும் சேர்த்தே தள்ளிடு" என்றார். கப்பலின் இன்னொரு வழிகாட்டி ஸ்டைனார்தான் படகை எடுத்துக்கொண்டு போய், கொக்கிக் கம்பால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பயணிகள் கைதட்டினார்கள். அவன் கீழிருந்து என்னைப் பார்த்து, "பெரிசு, ஒரு இடது கால் மட்டும் அகப்படல. ஒத்தைக் கால்காரர் யாராச்சும் இருக்காரான்னு கேளு" என்றான். கப்பலே சிரித்தது.

அந்த வரியை நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் பேச்சில் எடுத்த மூச்சு, விட்ட இடைவெளி எல்லாம் என்னுடையவை.

ஸ்டைனாருக்கு முப்பத்தொரு வயது. எரிமலைப் படிப்பு படித்தவன். நல்ல பையன், இதை நான் விசாரணைக்காகச் சொல்லவில்லை. அந்தத் தீவின் மணல் ஏன் சுடுகிறது என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருந்தது. பூதக் கிழவி ஒருத்தி வெந்நீரில் கால் ஊற வைத்தாள், தொட்டியைக் கவிழ்த்துவிட்டாள், இத்தியாதி. இருபத்திரண்டு வருடம் ஓடிய கதை. இவன் வந்த இரண்டு பருவத்தில், கதை முடிந்ததும் பயணிகள் தலையைத் திருப்பி, "சரி ஸ்டைனார், உண்மையில் என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவன் என்னிடம் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு உண்மையைச் சொல்வான். உண்மை என் கதையைவிட நன்றாக இருந்தது. அதுதான் தொல்லை. அடுத்த வருடம் ஒரு வழிகாட்டி போதும் என்று கம்பெனியில் பேச்சு என சமையல்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். யார் அந்த ஒருவர் என்று அவர் சொல்லவில்லை. வெங்காயத்தையே பார்த்தார்.

கப்பலின் பக்கவாசல் அருகே ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு பித்தளை வில்லை, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. கரைக்குப் போகும்போது சிவப்பு தெரியத் திருப்ப வேண்டும், திரும்பி வந்ததும் வெள்ளை. பலகை முழுக்க வெள்ளையானால்தான் நங்கூரம் தூக்குவார்கள். அன்று பலகைக்குப் பொறுப்பு நான். பூட்ஸ் விவகாரத்துக்குப் பிறகு கேப்டன் என்னைக் கயிறு இல்லாத வேலைக்கு மாற்றியிருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கியது. இரண்டு படகுகளும் அவசரமாக ஆட்களை ஏற்றி வந்தன. ஒன்றில் ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள், ஸ்டைனாரின் சிவப்பு ஜாக்கெட்டைப் போர்த்தியிருந்தார். குளிரில் பல் தந்தியடிக்க, "அந்தப் பிள்ளை தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டது" என்றார். நான் ஜாக்கெட்டை வாங்கி அவனுடைய கொக்கியில் மாட்டினேன். பையில் அவனுடைய வாக்கி டாக்கி இருந்தது. எடுத்து அணைத்துச் சார்ஜில் வைத்தேன். அப்போது அது வெறும் ஒழுங்கு. பொருட்களை அதனதன் இடத்தில் வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

கடைசிப் படகை ஓட்டி வந்தவள் எய்டிஸ். எட்டுப் பேர் நடுங்கிக்கொண்டு ஏறினார்கள். அவள் கீழிருந்தே கத்தினாள்.

"ஸ்டைனார் வந்தாச்சா? பாதைக் கொடியெல்லாம் பிடுங்கிட்டு வரேன்னு மேட்டுக்குப் போனான். கூப்பிட்டுப் பார்த்தேன், பனியில ஒண்ணும் கேக்கல. வரலன்னா நான் திரும்பிப் போறேன்."

பலகையில் ஒரே ஒரு சிவப்பு. அதைத் திருப்ப ஒரு விரல் போதும். திருப்பினேன்.

"முந்தின படகுலயே வந்துட்டான். ஜாக்கெட் மாட்டியிருக்கு பாரு."

"சொல்லாமலா வந்தான், நாய்ப்பயல்" என்று சிரித்துக்கொண்டே அவள் படகைக் கட்டினாள்.

ஒரு மணி நேரம் என்றுதான் நினைத்தேன். ஒரு மணி நேரம் மணலில் உட்காரட்டும், உலகம் தானில்லாமலும் மிதக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும். பிறகு நானே எண்ணிக்கைப் பிழையைக் கண்டுபிடித்துக் கப்பலைத் திருப்பவைப்பேன். என்னுடைய பிழைகளை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்த வசதி எனக்கு மட்டும்தான் இருந்தது.

ஆறரைக்குச் சொல்ல நினைத்தேன். ஆட்டிறைச்சி சூப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் நன்றி சொல்ல அவனைத் தேடினார். தலைவலி, படுத்திருக்கிறான் என்றேன். எட்டரைக்கு அவனுடைய விரிவுரை. கேப்டன் என் பக்கம் குனிந்து, "நீ ஏதாவது பேசிச் சமாளிய்யா" என்றார்.

பேசினேன். பூதக் கிழவியில் ஆரம்பித்தேன். பூட்ஸைச் சொன்னேன், ஒற்றைக் கால்காரரையும் சேர்த்துக்கொண்டேன். ஒன்றேகால் மணி நேரம். ஒரு முதியவர் சிரித்து மூச்சு வாங்கி மேசையைத் தட்டினார். ஒருவர்கூட "உண்மையில் என்ன" என்று கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தேன். ஆலங்கட்டி மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நிறுத்தி இப்படி ஒரு செய்தியைச் சொல்வது பார்வையாளர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. முடித்தபின் எல்லோரும் எனக்குக் குடிக்க வாங்கித் தந்தார்கள். அதற்குள் நாங்கள் நெடுந்தூரம் வந்துவிட்டோம். இனிச் சொன்னாலும் போய்ச் சேரப் பல மணி நேரம். அவ்வளவு நேரம் காத்திருக்க முடிந்தவன் விடியும்வரை காத்திருக்கமாட்டானா என்று ஒரு கணக்கு.

ஏழு மணிக்குக் காலைச் சாப்பாட்டில் அவனுடைய காலி நாற்காலியை நானே கண்டுபிடித்தேன். என் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. ஹெலிகாப்டர் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

பத்தொன்பது நாளாக நான் துறைமுகத்தில் நடக்கிறேன். உட்கார்ந்தால் கால் தானாக எழுந்துவிடுகிறது. இறுதிச் சடங்கில் நான்தான் பேசினேன். ஜனங்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்து, "உன்னைப் பத்தித்தான் எப்பவும் பேசுவான்" என்றார். பழி எய்டிஸ் மேல் விழுந்தது, கடைசிப் படகு அவளுடையது என்பதால். ஜாக்கெட்டைத்தானே பார்த்தோம், ரெண்டு பேருமே ஏமாந்தோம் என்று அவளே விசாரணையில் எனக்காகச் சொல்லியிருக்கிறாள். வேலை போனபின்னும் எனக்கு மீன் சூப் கொண்டுவருகிறாள். "சாப்பிடு, நீ விழுந்துட்டா நான் யார்கூட அழறது" என்கிறாள். அவளுக்காகத்தான் இந்த வாக்குமூலம் என்று பெர்க்தோராவிடம் சொன்னேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆனால் என்னிடம் ஒரு கேள்வியும் இருந்தது. மேட்டிலிருந்து இறங்கும்போதே அவன் வழுக்கி விழுந்து, அந்த அரைமணியிலேயே போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படியென்றால் நான் பேசிய ஒன்றேகால் மணி நேரத்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நான் செய்தது ஒரு விளையாட்டு, மற்றதைச் செய்தது மலை. ஹெலிகாப்டர்காரனிடம் கேட்டேன், தோளைத் தட்டினான். டாக்டர், "அவன் வேதனைப்படல, அதையே நினைக்காதீங்க" என்றார். பாதிரியார் காபி ஊற்றினார். துக்கப்படுகிற நண்பனுக்கு யாரும் நேரான பதில் சொல்வதில்லை. குற்றவாளிக்குச் சொல்வார்கள் என்று தோன்றியது.

எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். பிறகு கேட்டேன். "உடனே செத்துட்டான்தானே?"

பெர்க்தோரா பேனாவை மூடினாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவன் பேன்ட் பையில ஒரு சின்ன நோட்டு இருந்துச்சு உல்ஃபார். அரை மணிக்கொரு தடவை காத்து, குளிர், மழைன்னு பென்சில்ல எழுதியிருக்கான். கடைசியா எழுதினது காலைல ஆறரைக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கைக்கடிகாரம் தப்பு நேரம் காட்டியிருக்கும் என்றுதான், நினைக்கிறேன்.

"ராத்திரி எட்டரை மணிக்கு எழுதினதுல மட்டும் ஒரு வரி அதிகமா இருக்கு" என்றாள். "'இன்னைக்குப் பலகையில உல்ஃபார். பயமில்ல.'"