ஒரு நாளைக்கு ஓர் அங்குலம்

“முட்டையை மட்டும் நீ எப்படி மொரீன் தினமும் இவ்வளவு பதமா வேக வைக்கிற?”

“கடிகாரத்தப் பாத்து.”

“லண்டன்ல எனக்கு யாரு இப்படிச் செஞ்சு குடுப்பா?”

“லண்டனுக்கு எதுக்குப் போற?”

“சொல்லலையா நான்? நாடகத்த அங்க கொண்டு போறாங்க கண்ணு. ஆறு மாசம். அப்புறம் ஆஸ்திரேலியான்னு ஒரு பேச்சு இருக்கு. உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?”

“எனக்கென்ன? தடிச்ச பனியன மறக்காம எடுத்துட்டுப் போ.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கும் என் கணவர் லென்னுக்கும் நடந்த மொத்தப் பேச்சும் இதுதான், மிஸ்டர் ஹோல்ராய்ட். நாடகம் தொடங்கி அன்றோடு நான்கு வாரம் முடிந்திருந்தது. மறுநாள் திங்கட்கிழமை நான் வேலையை ஆரம்பித்தேன்.

பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அரங்கப் பாதுகாப்புத் துறையிலிருந்து நல்ல எண்ணத்தோடுதான் வந்திருக்கிறீர்கள். கையெழுத்துக்காக நீங்கள் கொண்டுவந்த அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டேன். பதினோராம் பக்கத்தில் ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது. ‘நடிகர் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறி கவனக்குறைவாக ஒட்டப்பட்டிருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்தேழு வருடமாக மேடைக் குறிகளை ஒட்டுகிறேன். கவனக்குறைவு என்று என்னை யாரும் சொன்னதில்லை. உங்களிடம் இதையெல்லாம் சொல்வதற்கு மனசாட்சி காரணம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

எங்கள் கல்யாணம் நடந்து முப்பத்து மூன்று வருடம் ஆகிறது. அதில் லென் வீட்டில் இருந்த கிறிஸ்துமஸ் ஆறு. ஒன்றில் அவருக்கு அம்மை போட்டிருந்தது, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மற்றபடி ஊர் ஊராக நாடகம். நானும் நாடகக்காரிதான், ஆனால் மேடை நிர்வாகி, இந்த ஊர் அரங்கத்தை விட்டு நகராதவள். அவர் எங்கோ ஒரு மேடையில் அரசனாகச் செத்துக்கொண்டிருப்பார். நான் இங்கே இருட்டு மூலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேறு யாருக்கோ விளக்கு மாற்றச் சொல்லி க்யூ கொடுத்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறை அவர் பெட்டி கட்டும்போதும் ஒரு விஷயம் கேட்க நினைப்பேன். கேட்பதற்குப் பதில் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். இந்த வட்டாரத்திலேயே மடிப்புக் கலையாத சட்டை போட்ட நடிகர் அவர்தான்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் இயக்குநர் ஃபிலிப்பா இந்த நாடகத்தை எடுத்தாள். நானூறு வருடப் பழைய பழிவாங்கும் கதை. மகளைக் கொன்றவர்களை ஒரு தகப்பன் ஒவ்வொருவராகத் தீர்க்கிறான். அதற்கு ஐந்து அங்கம் எடுத்துக்கொள்கிறான். ஃபிலிப்பாவுக்கு முப்பத்தொரு வயது, பழையது என்றாலே ஆகாது. அரண்மனையை ஓர் ஓட்டல் சமையலறையாக மாற்றினாள். பிரபுக்கள் எல்லாம் வெள்ளைக் கோட்டுச் சமையல்காரர்கள். லென் தலைமைச் சமையல்காரர். மேலே பன்னிரண்டு அடி உயரத்தில் ஓர் இரும்பு நடைமேடை. அதற்கு இருந்த கைப்பிடிக் கம்பியையும் அவள் கழற்றச் சொல்லிவிட்டாள்.

“பாக்கறவங்களுக்கு வயித்தக் கலக்கணும் லென். மகளோட ஆவி முன்னாடி வர வர, நீங்க பின்னாடியே நடந்து வரணும். திரும்பியே பாக்கக் கூடாது. தரையில ஒட்டின குறி உங்க கால் நுனியில தெரிஞ்சதும் நிக்கணும்.”

“எத்தன அடி?”

“ஒம்பது. அதுக்கப்புறமும் உங்களுக்குப் பின்னால ரெண்டரை அடி எடம் இருக்கும். பயப்படாதீங்க.”

“குறிய யாரு போடறது?”

“மொரீன்.”

“அப்ப எனக்கென்ன பயம்?” என்றார் லென்.

நாடகம் ஓடும் அந்தப் பத்து வாரத்துக்கு அவருக்கு வேலை சொந்த ஊரிலேயே. தினமும் ஒன்றாக பஸ்ஸில் போனோம், ஒன்றாகத் திரும்பினோம். வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டார். குளிப்பதற்கு முன் பாட்டுப் பாடுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் நான் உதட்டுச் சாயம் வாங்கினேன். கடைக்காரப் பெண் “பேத்திக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்களுக்குப் பிள்ளையே கிடையாது.

அப்புறம்தான் அந்த முட்டைப் பேச்சு.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பழிவாங்கும் நாடகத்தில் ரத்தம் நிறைய ஓடும். எங்களுடையது சர்க்கரைப்பாகும் சாயமும் கலந்தது. ஆட்டம் முடிந்ததும் மேடை முழுக்க வெந்நீர் விட்டுத் துடைப்பார்கள், டேப் எல்லாம் உரிந்து வந்துவிடும். ஆகவே இருட்டில் பச்சையாக மினுங்கும் அந்தச் சின்னக் குறியைத் தினமும் புதிதாக ஒட்ட வேண்டும். அளவு என் பிரதியில் எழுதியிருக்கிறது. முதல் வாரத்துக்குப் பிறகு அதை என்னைத் தவிர யாரும் அளந்து பார்க்கவில்லை.

நாடகத்தில் மற்றவர்களுக்கு வாள் இருக்கிறது, விஷம் இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு டேப் சுருள். திங்கட்கிழமை குறியை ஓர் அங்குலம் பின்னால் தள்ளி ஒட்டினேன். அவர் கவனிக்கிறாரா என்று பார்க்கத்தான், வேறொன்றும் இல்லை. கவனிக்கவில்லை. நான் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதை மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தவர், ஓர் அங்குலத்தை எங்கே பார்க்கப் போகிறார்? மூக்குக்கண்ணாடி போடவும் அவருக்கு வெட்கம். செவ்வாய்க்கிழமை இன்னோர் அங்குலம். தினமும் மாலையில் அந்த நடையை ஒருமுறை ஒத்திகை பார்ப்போம். நானே கீழே நின்று “சரியா இருக்கு லென்” என்பேன். நாளுக்கு ஓர் அங்குலம் நகர்ந்தால் கண்ணும் காலும் கூடவே பழகிவிடும்.

அந்தத் தகப்பன் ஐந்து அங்கம் தயங்குகிறான் என்று ஒரு பத்திரிகையில் குறை எழுதியிருந்தார்கள். நான் ஞாயிறு விடுமுறை போக முப்பத்து நான்கு நாள் எடுத்துக்கொண்டேன், என்னைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. எந்த நாளிலும் நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தினமும் நாளை நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் ஒட்டினேன். ஒரு கணுக்கால் போதும் என்பதுதான் என் ஆசை. சுளுக்கிக்கொண்டால் ஆறு வாரம், முறிந்தால் மூன்று மாதம். பன்னிரண்டு அடியிலிருந்து மல்லாந்து விழுகிறவருக்குக் கணுக்கால் மட்டும் எப்படி முறியும் என்று நான் யோசிக்கவில்லை. சின்னச் சின்ன அளவுகளில்தான் எனக்குத் திறமை.

கடைசி வாரம் திங்கட்கிழமை அவருடைய வலது குதிகால் விளிம்புக்கு வெளியே வந்தது. கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இடைவேளையில் ஃபிலிப்பா ஓடி வந்தாள்.

“லென், என்ன பண்ணீங்க இன்னைக்கி? அரங்கமே ஆடிப்போச்சு. இதே மாதிரி தினமும் பண்ணுங்க.”

அவருக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து ஆட்டிறைச்சிக் குழம்பைச் சாப்பிடும்போதுதான் சொன்னார்.

“மொரீன், இன்னைக்கி குதிகால் காத்துல நின்ன மாதிரி இருந்துச்சு.”

“பிரமையா இருக்கும்.”

“அதான் நானும் நெனச்சேன். நீ போட்ட குறியாச்சே.” கிண்ணத்தை நீட்டினார். “இன்னும் ஒரு கரண்டி ஊத்து.”

ஊற்றினேன்.

வியாழக்கிழமை என் மூலையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் பிரதி, வாயருகே மைக். நான் சொன்னால்தான் விளக்கு மாறும், நான் சொன்னால் ஆட்டம் நிற்கும். எந்தக் காட்சியையும் நிறுத்தும் அதிகாரம் அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு. லென் பின்னால் நடக்க ஆரம்பித்தார். நான் எண்ணினேன். ஏழாவது அடியில் எனக்குத் தெரிந்தது. எட்டாவது அடியிலும் நேரம் இருந்தது. ‘நிறுத்து’ என்பது ஒரே வார்த்தை. ஒன்பதாவது அடியில் ‘விளக்கு எண்பத்து நாலு, போ’ என்றேன். அது நாலு வார்த்தை. சரியான நொடியில் சொன்னேன். நீங்கள் ஒலிப்பதிவில் கேட்டிருப்பீர்கள், குரலில் ஒரு நடுக்கம்கூட இருக்காது.

சில பேர் கைதட்டினார்கள். நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஃபிலிப்பா என் தோளில் சாய்ந்து அழுதாள். கம்பியைக் கழற்றச் சொன்னது அவள்தானே, தன் மேல்தான் பழி என்று நினைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவில் ஒன்று சொன்னாள்.

“லண்டன் கம்பெனிக்காரங்ககிட்ட அவர் ஒரே பிடியா நின்னாரு மொரீன். என் மனைவிக்கும் வேலை குடுத்தாத்தான் வருவேன்னு. நேத்துதான் சரின்னாங்க. உங்களுக்குக் கடைசி நாள் விருந்துல சொல்லணும்னு இருந்தாரு.”

அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தேன். அதைப் பற்றி நான் நிறைய யோசித்தாயிற்று, மிஸ்டர் ஹோல்ராய்ட். முன்பே சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். லண்டனில் எனக்கு என்ன இருக்கிறது? அங்கே அவரைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இங்கே நான் மட்டும்தான்.

ஆகவே அந்த வார்த்தையை அடித்துவிட்டு, ‘கவனமாக’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ஃபிலிப்பாவின் பெயரையும் எடுத்துவிடுங்கள், பாவம். கையெழுத்துப் போடுகிறேன். அதன் பிறகு நீங்கள் என்னை எங்கே அழைத்துப் போக வேண்டுமோ போகலாம், அவருக்கு மத்தியானக் கஞ்சி கொடுத்த பிறகு.

அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். முன்பு இஸ்திரி போடும் அறை அது, கட்டில் போடுவதற்காக ஒழித்தேன். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி இல்லையாம். பேச்சு திரும்பலாம் என்கிறார்கள், வசந்தத்துக்குள். நாம் சொல்வது இப்போதே எல்லாம் புரிகிறதாம். பதில் சொல்லத்தான் முடியாது, தலையசைக்கக்கூட வராது. பேச்சு வந்துவிட்டால் அவர் என்ன சொல்வாரோ, அதற்குள் கேட்டுவிடுவது நல்லது என்று எனக்குப் பட்டது. இன்று காலை தலைமுடியை வாரிவிட்டு, உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டு, நாற்காலியை அவர் கண்ணுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முப்பத்து மூன்று வருடமாக நாக்கு நுனியில் நின்றதை வாய்விட்டுக் கேட்டேன்.

“லென், இனிமே எங்கயும் போகாத. என்கூட வீட்லயே இருப்பியா?”