கண்ணாடியில் ஒரு கடல்

ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் குளச்சலிலிருந்து தேங்காப்பட்டணத்துக்குக் கால்வாயில் போகும் வள்ளத்தில் காதை எங்கே கொண்டு வைப்பது? எனக்கு முன்னால் இருந்த கம்பவுண்டர் தன் மனைவியிடம் சொன்னார்:

“வேலைய விட்டாச்சு. இனி சுவருல வெளிச்சத்த விட்டுப் படம் காட்டப்போறேன்.”

“வெளிச்சத்த வடிச்சா கஞ்சி குடிக்கது? ஆஸ்பத்திரி மாப்பிள்ளைன்னுதான் எங்கப்பா என்னத் தந்தாவ.”

“கேளு பிள்ளே. ஒருநா அந்திக்கு, செவப்பு மருந்துக் குப்பிக்குப் பின்னால வெளக்க வச்சேன். சுவரெல்லாம் செவந்துச்சு. வலியில மொனங்கிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் சத்தமில்லாம அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. அதுக்குப் பொறவு எனக்கு மருந்துல மனசு நிக்கல்ல.”

தண்ணீரில் தென்னைகள் தலைகீழாக நகர்ந்தன. அவளுடைய அப்பா வீட்டுக்கு இறங்கும் கடவு வந்தது. வள்ளக்காரர் கழியை ஊன்றினார்.

“நான் எங்கப்பா வீட்டுல இருந்துக்கிடுதேன். நீங்க படம் காட்டுங்க” என்று மூட்டையோடு எழுந்தவள், நின்றபடியே கேட்டாள். “என்ன படம்?”

“கடலு. ஒரு கண்ணாடியில வானத்த வரையணும், இன்னொண்ணுல அலைய. வெளக்குக்கு முன்னால அலைக் கண்ணாடிய மெள்ள அசைச்சா, சுவருல கடலு அசையும்.”

“அப்போ வெளக்க ஆரு பிடிக்கது?”

“அதுதான் தெரியல்ல.”

அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, வள்ளத்த விடுங்க” என்றாள்.