பன்றிக் கொட்டில் கார்டுகள்

இந்த மேசையில் காப்பிக் கோப்பையின் வட்டம் ஒன்று காய்ந்து கிடக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, காவல் நிலையத்தில் இதையெல்லாம் துடைக்க யாருக்கு நேரம்? என் பையில் ஈரத்துணி இருந்தது, அதை வாங்கி வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

விபோர் அனிமேஷன் ஸ்டுடியோவில் பதினாறு வருடமாக இயந்திர அறை என் பொறுப்பு. மேல்மாடியில் வரைவதை ஒவ்வொரு சட்டகமாகக் கணக்கிட்டுப் படமாக்கும் அறுபது கம்ப்யூட்டர்கள் அங்கே ஓடுகின்றன. நீங்கள் திரையில் அழகான படத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவள். உள்ளே சேரும் சாம்பல் நிறத் தூசியில் பாதி மனிதத் தோல். பொடுகு, முடி, சொறிந்து உதிர்ந்த செதில். அதை வழித்தெடுத்த கையால் மதியம் ரொட்டி தின்ன எனக்கு வெகு காலம் பிடித்தது.

இப்போது எடுக்கும் படத்தில் ஒரு நீர்நாய் வருகிறது. அதன் ஈர ரோமத்தைக் கணக்கிட, பெட்டிகளுக்குள் இருந்த பழைய கிராபிக்ஸ் கார்டுகள் தாங்கவில்லை. ஒரு சட்டகம் முடிய ஒன்பது மணி நேரம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், புதிதாக வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் தலைவி க்ரூ அந்த வேலையை என்னோடு வேலை செய்யும் டோர்கிலிடம் விட்டார். டோர்கில் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். திறந்த கம்ப்யூட்டருக்கு மேலே நின்று ஈரல் பசை தடவிய ரொட்டியைத் தின்பான். தின்ற விரலாலேயே உள்ளே தொடுவான். அவன் உறை எதுவும் இல்லாமல் கொண்டுவந்து அடுக்கியவை பழைய கார்டுகள்.

"இதெல்லாம் எங்க கிடந்துச்சு தெரியுமா விபெக்கே?" என்றான். "சாலிங் பக்கம் ஒரு பன்னிக் கொட்டில்ல. ஒருத்தன் ரெண்டு வருஷம் அங்கயே வச்சு பிட்காயின் ஓட்டியிருக்கான். அந்தச் சூட்டுல பன்னிங்களுக்குக் குளிர் தெரிஞ்சிருக்காது."

"அதான பாத்தேன்," என்றார் க்ரூ. "கிறிஸ்துமஸ் பன்னி வறுவல் வாசம் வருதேன்னு. எனக்குப் பசிக்கவே ஆரம்பிச்சிடுச்சு."

இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. டென்மார்க்கின் இந்த யூட்லாந்துப் பக்கம் யாரும் சிரித்துக்கொண்டு பேசுவதில்லை.

கார்டுகளைப் பொருத்தினோம். சூடேறியதும் நாற்றம் கிளம்பியது. மூத்திரமும் புளித்த தவிடும் கலந்த கொழுத்த நாற்றம். என் அறைக்குள், பதினாறு வருடம் நான் துடைத்த அறைக்குள். அறுபது கார்டுகளையும் கழற்றி ஸ்பிரிட்டால் துடைத்தேன், மூன்று முறை. போகவில்லை. வீட்டில் பாலாடைக்கட்டியில் அடித்தது, தலையணையில் அடித்தது. மற்றவர்கள் எதுவும் தெரியாததுபோல் வேலை செய்தார்கள். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அதுதான் அருவருப்பு.

க்ரூவிடம் முறையிட்டேன். "ஒரு மாசம் லீவு எடுத்துக்குங்க," என்றார். "வெள்ளிக்கிழமை சாவிய டோர்கில்கிட்ட குடுத்துடுங்க. இனிமே அந்த ரூம அவன் பாத்துக்கட்டும்." அந்த ரொட்டி விரல்களிடம்.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். புகை வந்தால் அந்த அறைக்குள் தீயணைப்பு வாயு தானாகப் பாயும். மூச்சு முட்டும் வாயு, பழைய ஏற்பாடு. அழுத்தக் காற்றால் தூசியை ஊதினால் அந்தத் தூசியையே புகை என்று கருவி நினைத்துக்கொள்ளும். அதனால் ஊதப் போகிறவர் வெளியே சாவியைத் திருப்பி வாயுவை நிறுத்திவிட்டு, தன் பெயர் எழுதிய பட்டையை அதில் மாட்டிவிட்டுப் போவார். அடுத்தவர் பட்டையை யாரும் தொடமாட்டார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை டோர்கில் தன் பட்டையை மாட்டிவிட்டு ஊதப் போனான். நான் பட்டையை எடுத்தேன், வாயு மறுபடி பாயும்படி சாவியைத் திருப்பினேன். முன்பே ஒதுக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் நாலு அடுக்காகத் தள்ளுவண்டியில் இருந்தன. வண்டியை, வெளிப்பக்கம் திறக்கும் கதவோடு ஒட்டி நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டினேன்.

எச்சரிக்கை மணி அடித்ததும் கதவுக் கண்ணாடிக்கு வந்தான். முதலில் சிரித்தான். பதிலுக்கு நானும் அவனிடம் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "சரிதான் விபெக்கே, நீங்க ஜெயிச்சீங்க, திறங்க," என்றான். பிறகு கதவைத் தட்டினான். தட்டுவது நின்ற பிறகும் பத்து நிமிடம் நின்றிருந்தேன். பிறகுதான் உதவிக்கு ஆள் கூப்பிட்டேன். ஆம், நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ரசீதைக் காட்டுகிறீர்கள். கார்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் மிஞ்சி, உறை பிரிக்காமலே விற்கப்பட்டவை, பன்றிக் கதை அவன் சும்மா சொன்னது என்கிறீர்கள். நம்புகிறேன்; நீங்கள் படித்தவர். அப்படியென்றால் அந்த நாற்றம் டோர்கிலிடமிருந்துதான் வந்திருக்கிறது. கதவைத் திறக்காதது எவ்வளவு சரி என்று இப்போது உங்களுக்கே புரியும்.