மிதக்கும் பலகை

எண்ணூரிலிருந்து காசிமேட்டுக்குப் போகும் காலைப் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் விசைப்படகுத் தொழிலாளிகள் இருவர். ஒருவருக்கு முழங்காலில் கட்டு.

"நேத்து டிவில வந்தவனுங்களுக்கு போட்டுக்கு போட்டு தாண்டவே தெரியல மாமு" என்றார் கட்டுப் போட்டவர்.

"அது போட்டா? தடை தாண்டுற போட்டி. எனக்கு அந்த வளையத்துல தொங்கினு போறதுதான் கஷ்டமா தெரிஞ்சுது."

"அத்த வுடு. தண்ணியில மெதக்குற பலகை கீதே, அது மேல எழும்பசொல்ல கால வெக்கணும். அவன் எறங்கசொல்ல வெச்சான், வுழுந்தான். வரிசையா கட்டிக் கீற அஞ்சு போட்ட தாண்டித்தான நாம தெனம் கரைக்கு வரோம்?"

"அப்பறம் நீ ஏன் வுழுந்த?"

அவர் முழங்கால் கட்டைத் தடவினார்.

"பின்னால ஒருத்தன் மீன் கூடைய தூக்கினு வந்தான். பாவம்னு ஒதுங்கி வழி வுட்டேன். டிவில ஒவ்வொருத்தனாத்தான வுடறாங்க?"

"ஒரு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் தொழிலுக்கு வர. எவன் வந்தாலும் ஒதுங்காத."

"ஒதுங்க மாட்டேன்."

காசிமேடு வந்தது. அவர் படியில் ஒரு காலை வைத்திருந்தார். பின்னால் மீன் வாங்கப் போகும் ஒரு பெண், காலி அன்னக்கூடையோடு அவசரப்பட்டார்.

கட்டுப் போட்டவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

"நீ போ யக்கா."