நாலு நிமிஷம் வெறும் படிக்கட்டு

எனக்கே குழப்பமா இருக்கு, இதுல உங்களுக்கு நான் என்னத்தைப் புரிய வைக்கப் போறேன், சொல்லுங்க? அட, வணக்கம் சொல்லாமலே ஆரம்பிச்சுட்டேனே! மன்னிச்சுக்குங்க.

மேடைக்கு மேன்மை தரும் தலைவர் அவர்களே, பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கத்துக்கொடுத்த பண்பாளர் சார் அவர்களே, பெரியோர்களே, பெத்ததுகளைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிட்டு போனைக் கையிலேயே வச்சிருக்கும் என் தாய்மார்களே, எல்லாருக்கும் கைகுவித்த வணக்கம்.

இப்பப் பார்த்தீங்களே படம், அதை எடுத்தவ என் அக்கா மக. பேசக் கூப்பிட்டது எங்க அக்காவைத்தான். மைக்கைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. எனக்கு அந்த வியாதி கிடையாது. சிரிங்க, சிரிங்க. என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிப்பார்.

படத்துல பார்த்த இடம், நடக்க முடியாதவங்க தங்குற விடுதிங்க. நம்ம காலேஜ் பசங்க மூணு பேர் சம்பளமில்லாம சேவை செய்யப் போனாங்க. அதைப் படம் பிடிக்க இவ போனா. ஒருநாள் நாலாவது மாடியில ஒயர் கருகி ஒரே புகை. லிஃப்ட் நின்னுபோச்சு. ஒவ்வொருத்தரையும் நாற்காலியோட தூக்கி இறக்கணும். நாற்காலிக்குக் கால் நாலு, பசங்க மூணு! இவ கேமராவைப் படியில வச்சுட்டு நாலாவது காலைப் பிடிச்சுட்டா. கேமரா பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்திருக்கு.

நாலு நிமிஷம் வெறும் சுவரும் செருப்பும், "மெதுவா, இன்னும் ஒரு படி"ன்னு குரலுமா ஓடிச்சே, அதுதான் இது.

சார் என்ன சொல்றார்? "படம் எடுக்கிறவங்க நடுவுல புகுந்துடக் கூடாதும்மா. படப் போட்டிக்குப் போகணும்னா அந்த நாலு நிமிஷத்தை வெட்டித்தான் ஆகணும்." நாளைக்குக் காலையில அனுப்பணுமாம். இவளும் அழுவுறா.

"வெட்டட்டும் சித்தி. நான் தப்பு பண்ணிட்டேன்."

"என்னடி தப்பு?"

"என் வேலையை விட்டுட்டேன்."

"எதுடி உன் வேலை?"

மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "நீயே சொல்லு சித்தி"ன்னா. சத்தியமா எனக்கும் தெரியல.

யாரு அங்க, "சார் சொல்றதுதான் சரி"ங்கிறது? இருக்கும் தம்பி. இவ படம் பிடிக்கலேன்னா அந்தப் பசங்க பட்ட பாடு நமக்கு எப்படித் தெரியும்? ஆனா, பக்கத்துல ஒருத்தர் மூச்சுத் திணறறப்போ, படம் பிடிக்கப் போன கை படத்தை மட்டும்தான் பிடிக்கணுமா? சாமிகிட்டயே கேட்டுட்டேன்: ஆண்டவனே, பார்த்துக்கிட்டே இருக்கிறது உன் வேலை, தூக்கறது எங்க வேலைன்னு இருந்தேனே! இப்ப எங்களையும் பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்றாங்களேப்பா!

வெட்டறதும் ஒட்டறதும் எனக்குத் தெரியாது சார். ஒண்ணு மட்டும் கேக்கறேன். படம் பூரா தேடினேன், எங்க பிள்ளை முகம் எங்கயும் இல்ல. அவ இருக்கிறது அந்த நாலு நிமிஷத்துலதான். செருப்பா இருக்கா, மூச்சா இருக்கா, குரலா இருக்கா! அதையும் வெட்டிட்டா, அவ அங்க இருந்தான்னு யார் சொல்லுவா?

மணி அடிச்சுட்டாங்க. பொறுமையாக் கேட்ட உங்க எல்லாரையும் ஆண்டவன் நல்லா வச்சிருக்கட்டும். நன்றி, வணக்கம்.

ஐயோ, மைக்கை வாங்காதீங்க தம்பி, ஒண்ணு விட்டுப்போச்சு! நேத்து சொன்னா, இப்பத்தான் ஞாபகம் வருது. நாம பார்த்தது முதல் நாற்காலிதானாம். அன்னிக்கு இறக்கினது பதினொண்ணு. ஒவ்வொரு தடவை மேல ஏறறப்பவும் அந்தக் கேமராவைக் கையில எடுக்காம, தாண்டித்தான் போனாளாம்.